யார்க்கில் இரண்டு வருட ஒப்பந்த வேலை: நாலு வயது மகளைக் கூட்டிப் போவதா, விட்டுப் போவதா?

ஆவாரம்பட்டை (ராணிப்பேட்டை)

வணக்கம். இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழக வேதியியல் துறையில் எனக்கு ஆராய்ச்சி வேலை கிடைத்திருக்கிறது. 24 மாத ஒப்பந்தம், ஜனவரியில் சேர வேண்டும். ஆஃபர் லெட்டர் வந்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான், முடிவு மட்டும் வரவில்லை. அங்கே ஒப்பந்த வேலையில் இருப்பவர்கள், குடும்பத்தோடு போனவர்கள் விவரம் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் முனைவர் பட்ட ஆய்வு தோல் பதனிடுவது பற்றியது. குரோமியம் போட்டால் ஒரே நாளில் பதமாகிவிடும் தோல், ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தொட்டியில் ஊறவைத்தால் வாரக்கணக்கில் கிடக்கும். குரோமியம் வருவதற்கு முன்னால் நம் பக்கத்தில் பட்டைத் தொட்டிதான். என் தாத்தா அப்படி ஒரு தொட்டியில் வேலை பார்த்தவர். பட்டைச் சாறு ஏறி, நகக்கண்ணும் உள்ளங்கை ரேகையும் கடைசி வரை பழுப்பாகவே இருந்தன. அந்தப் பழைய முறையை இன்றைய ஆலைக்கு வேண்டிய வேகத்துக்குக் கொண்டுவர முடியுமா என்பதுதான் என் வேலை. பசுமை வேதியியலுக்கு யார்க் பேர்போன இடம். ராணிப்பேட்டையில் மூடிப்போன ஓர் ஆலையின் வளாகத்தில் குரோமியக் கழிவு குவிந்து கிடப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் மஞ்சள் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். சம்பளத்துக்காக மட்டும் இந்த வேலைக்குப் போகவில்லை, அதனால்தான் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

மகளுக்குப் போன மார்ச்சில் நாலு வயது முடிந்தது. எல்கேஜி போகிறாள். கணவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறார். மாமியார், "ரெண்டு வருஷம்தானே, பாப்பாவை நான் பாத்துக்கறேன், நீ தைரியமா போய்ட்டு வா" என்கிறார். மனசாரத்தான் சொல்கிறார், குழந்தையும் அவரிடம் உயிராக இருக்கிறாள். கணவர் வேலையை விட்டுவிட்டு வரத் தயார். ஆனால் திரும்பி வந்தால் இதே வேலை இருக்காது. நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் சம்பளமில்லா விடுப்பு கேட்டேன், எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டார்கள். ஆக, ரெண்டு வருடம் முடிந்தால் இரண்டு பேருக்குமே இங்கே வேலை இல்லை.

ஒரு சம்பளத்தில் மூன்று பேர் அங்கே இருக்க முடியுமா? ஒப்பந்தம் முடியும் சமயத்தில் என்ன ஆகும்? குழந்தைக்குப் பள்ளிக்கூடம் கிடைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேல்விஷாரம் அக்கா (யார்க்)

தங்கச்சி, வாழ்த்துகள். பட்டைத் தொட்டி என்று படித்ததும் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நினைவுக்கு வந்துவிட்டது. நான் உணவு வேதியியல். யார்க்கில் இது எனக்கு மூன்றாவது ஒப்பந்தம். என் மகன் மூன்று வயதில் என்னோடு வந்தான், இப்போது இங்கே உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். ஆகவே என் பதில் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்: பாப்பாவை விட்டுவிட்டு வராதீர்கள். ஆனால் மூன்று பேரும் ஒரே விமானத்தில் வந்து இறங்கவும் வேண்டாம்.

முதலில் ஒப்பந்தம். எல்லாரும் சேரும் தேதியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் முடியும் தேதியைப் பாருங்கள். உங்களுக்குக் கிடைக்கும் வேலை விசா (ஸ்கில்டு வொர்க்கர் விசா), பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றில் வேலை முடிவதாகப் போட்டிருக்கும் தேதிக்கு அப்புறம் 14 நாள் வரைதான் இருக்கும். வேலை போனால் 60 நாள் அவகாசம் உண்டு என்று பலர் சொல்வார்கள். அது நடுவில் வேலை போனவர்களுக்கு. ஒப்பந்தம் அதன் நாளில் முடிந்தால் அந்த அறுபது நாள் வராது. பதினான்கு நாளில் வீட்டைக் காலி செய்து, குழந்தையைப் பள்ளியிலிருந்து எடுத்து, சாமான் கட்டிக் கிளம்ப வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் ஒப்பந்தத்தில் ஆறு மாதம் மிச்சம் இருக்கும்போதே பேராசிரியரிடம் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். பணம் நீளுமா, வேறு திட்டத்தில் இடம் இருக்கிறதா, நான் வெளியே தேட ஆரம்பிக்கட்டுமா என்று நேராகவே கேளுங்கள். நம் ஊரில் இப்படிக் கேட்டால் நன்றி கெட்டவள் என்பார்கள். இங்கே கேட்காமல் இருந்தால்தான் உங்களுக்கு அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். அவர் நல்லவராக இருந்தாலும் பணம் அவர் கையில் இல்லை, நிதி தரும் அமைப்பின் கையில் இருக்கிறது. அடுத்த வேலை கிடைத்தால் புதுச் சான்று வாங்கி, அதில் இருக்கும் சேரும் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விசாவுக்குப் போடலாம்.

ஒப்பந்த ஊழியர் என்பதற்காக யாரும் உங்களைக் குறைவாக நடத்த முடியாது. 2002ல் வந்த சட்டவிதி ஒன்று இருக்கிறது: அதே வேலையைப் பார்க்கும் நிரந்தர ஊழியருக்கு உள்ள விடுப்பு, பயிற்சி, சலுகை உங்களுக்கும் உண்டு. தொடர்ச்சியாக ஒப்பந்தம் புதுப்பித்து நாலு வருடம் தாண்டினால், தக்க காரணம் காட்டினால் ஒழிய, நிரந்தர ஊழியராகவே கருத வேண்டும். ஆராய்ச்சியாளர்களுக்கு வருடத்தில் 10 நாள் தங்கள் வளர்ச்சிக்கென்று ஒதுக்க வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் கையெழுத்துப் போட்ட உடன்பாடும் இருக்கிறது. அந்தப் பத்து நாளை விடாதீர்கள். அடுத்த வேலைக்கான விண்ணப்பத்தை எழுதுவதும், பயிற்சி வகுப்புக்குப் போவதும் அதில்தான்.

இப்போது பணம். உங்கள் சம்பளம் எனக்குத் தெரியாது, சும்மா வருடம் 40,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். முதல் 12,570க்கு வரி இல்லை. அதற்கு மேல் 20 சதவீதம் வரி, 8 சதவீதம் நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற அரசுக் காப்பீடு. ஓய்வூதியத்துக்கு 6.1 சதவீதம் பிடிப்பார்கள். மாதம் ஏறக்குறைய 2,500 பவுண்டு கைக்கு வரும். அதில் இரண்டு படுக்கையறை வீடு ஆயிரத்துக்குக் குறைந்து கிடைப்பது அரிது. கவுன்சில் வரி நூற்றைம்பதை ஒட்டி வரும், குளிர்காலத்தில் கேஸும் கரண்டும் ஏறக்குறைய அவ்வளவு. மிச்சத்தில் மூன்று பேர் சாப்பிட்டு, பஸ்ஸில் போய்வந்து இருக்கலாம். சேமிக்க முடியாது. உங்கள் கணவர் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் மூச்சு விடலாம். உங்களோடு வருபவருக்குத் தரும் டிபென்டன்ட் விசாவில் அவர் வேலை பார்க்கத் தடையில்லை. தரக்கட்டுப்பாட்டு அனுபவம் இருப்பவருக்கு இந்த வட்டாரத்தில் உணவுத் தொழிற்சாலைகள் உண்டு. முதல் வேலை அவர் தகுதிக்குக் கீழேதான் இருக்கும், அதை இருவரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பெரிய அடி விமானம் ஏறும் முன்பே விழும். இங்கே அரசு மருத்துவச் சேவைக்காக ஹெல்த் சர்சார்ஜ் என்று பெரியவருக்கு வருடம் 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776. இரண்டு வருடத்தையும் சேர்த்து முன்பணமாகக் கட்ட வேண்டும். மூன்று பேருக்கு 5,692 பவுண்டு, நம் காசில் ஆறரை லட்சத்தைத் தாண்டும். விசா கட்டணம் தனி. உங்கள் பங்கையாவது பல்கலைக்கழகம் திருப்பித் தருமா, வட்டியில்லாக் கடன் உண்டா என்று மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். உங்கள் பராமரிப்புக்கு அவர்கள் பொறுப்பேற்றுச் சான்றில் குறித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருப்பு காட்ட வேண்டியிருக்கும்.

ஓய்வூதியம் பற்றி ஒரு விஷயம். பல்கலைக்கழக ஓய்வூதியத்தில் இரண்டு வருடத்துக்குள் வெளியேறினால் நீங்கள் கட்டியதைத் திரும்ப வாங்கலாம். இரண்டு வருடம் ஆகிவிட்டால் வாங்க முடியாது, வயதான பிறகு வரும் ஓய்வூதியமாக நிற்கும். உங்கள் 24 மாதம் சரியாக அந்த எல்லையில் வருகிறது. அதற்காகச் சேராமல் இருக்காதீர்கள். நீங்கள் 6.1 கட்டினால் அவர்கள் 14.5 கட்டுகிறார்கள்.

பள்ளிக்கூடத்துக்குக் கவலை வேண்டாம். இங்கே நாலு வயது முடிந்து வரும் செப்டம்பரில் பள்ளியின் முதல் வகுப்பான ரிசப்ஷன். பாப்பா அந்த வகுப்பில் நடுவில் சேருவாள். அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது, உங்கள் விசா அதற்குத் தடையில்லை. ரிசப்ஷனிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை மதியச் சாப்பாடும் இலவசம். ஆனால் பள்ளியில் நேராகப் போய் நின்றால் நடக்காது, நகரக் கவுன்சில் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முகவரி வேண்டும், முகவரிக்கு வீடு வேண்டும். நீங்கள் முன்னால் வர வேண்டும் என்று சொல்வது இதனால்தான். ஜனவரியில் வந்து ஓர் அறையில் இருந்துகொண்டு வீடு பாருங்கள். வீடு அமைந்ததும் அவர்கள் இருவரும் வரட்டும். விசாவுக்கு மட்டும் மூன்று பேரும் சேர்ந்தே போட்டுவிடுங்கள்.

என் மகன் முதல் மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் தமிழிலேயே பேசுங்கள், ஆங்கிலத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். அப்படியேதான் இருந்தோம். கோடை விடுமுறைக்குள் வாய் ஓயவில்லை.

காட்பாடி ஜங்ஷன் (யார்க்)

அக்கா சொன்னதில் வீடு பற்றி மட்டும் நான் கொஞ்சம் சேர்க்கிறேன். மனைவி இங்கே நர்ஸ், நான் கிடங்கு வேலை.

யார்க் ரோமர்கள் கி.பி. 71ல் கோட்டை கட்டிய ஊர். இன்றும் நகரைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்கு மேல் மதில் நிற்கிறது, அதன் மேலேயே நடந்து போகலாம், காசு கிடையாது. வேலூர்க் கோட்டை அகழி ஓரம் நடந்து பழகியவனுக்கு முதல் வாரமே ஊர் ஒட்டிவிட்டது. பார்க்க எவ்வளவு அழகோ, குடியிருக்க அவ்வளவு செலவு. சுற்றுலாக்காரர்கள் கூட்டம் எப்போதும் இருப்பதால் மதிலுக்குள்ளே நல்ல வீடுகள் பல குறுகிய கால வாடகைக்குப் போய்விடுகின்றன. பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கும் வீட்டில் ஜன்னலை மாற்றக்கூட அனுமதி வேண்டும். அதனால் பல வீடுகளில் இன்னும் ஒற்றைக் கண்ணாடிதான். ஜனவரியில் ஜன்னல் ஓரம் கை வைத்தால் ஐஸ் பெட்டிக்குள் விட்ட மாதிரி இருக்கும். படத்தில் அழகாக இருக்கிறதே என்று மயங்காமல் எரிசக்திச் சான்று (வீடு எவ்வளவு மின்சாரமும் கேஸும் இழுக்கும் என்று ஏ முதல் ஜி வரை ஆங்கில எழுத்தில் தரும் தரம்) என்ன எழுத்து என்று கேளுங்கள். வாடகை வீட்டுக்கு பொதுவாகக் குறைந்தது இ இருக்க வேண்டும், குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் சி பார்த்துத்தான் எடுத்தேன். வீட்டைப் பார்க்கப் போகும்போது படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் சுவரைத் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அங்கேதான் கருப்புப் பூஞ்சை பிடித்திருக்கும். புதுப் பெயிண்ட் வாசனை வந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

அப்புறம் வெள்ளம். நாம் பாலாற்றில் மணலைப் பார்த்தே வளர்ந்தவர்கள், 2021 நவம்பரில் தண்ணீர் வந்ததைப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம். இங்கே ஊஸ் ஆறு குளிர்காலத்தில் கரை ஏறுவது வழக்கமான விஷயம், கிங்ஸ் ஸ்டெய்த் பக்கம் தெருவில் தண்ணீர் நிற்கும். 2015 டிசம்பர் 26ல், ஊஸில் வந்து சேரும் ஃபாஸ் ஆற்றின் வெள்ளத் தடுப்புக் கதவுக்கான பம்பு நிலையத்திலேயே தண்ணீர் புகுந்து, கதவைத் தூக்கித் திறக்க வேண்டி வந்து, நூற்றுக்கணக்கான வீடுகளில் வெள்ளம். எந்த வீட்டைப் பார்த்தாலும் அஞ்சல் குறியீட்டைப் போட்டு வெள்ள அபாயம் என்ன என்று அரசுத் தளத்தில் பார்த்துவிடலாம், ஒரு நிமிடம் ஆகாது.

அட்வான்ஸ் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வாங்கியதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டத்தில் போட வேண்டும். எனக்கு வீடு பார்த்துக் கொடுத்த ஏஜென்ட் இதைச் செய்யாமல் இழுத்தடித்தார், சட்டத்தைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பியதும் மறுநாளே சான்று வந்தது. உள்ளே போகும் அன்றே எல்லா மூலையையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

பல்கலைக்கழகம் ஹெஸ்லிங்டனில், ஊருக்குத் தென்கிழக்கே. ஃபுல்ஃபோர்டு, ஆஸ்பால்ட்விக், ஹல் ரோடு பக்கம் பாருங்கள். சமதரையான ஊர், சைக்கிளே போதும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், விளக்கில்லாத சைக்கிளை எடுக்காதீர்கள். பாப்பாவை ரயில் மியூசியத்துக்குக் கூட்டிப் போங்கள், அனுமதி இலவசம். எங்கள் அப்பா காட்பாடியில் லோகோவில் இருந்தவர். இங்கே வந்திருந்தபோது மல்லார்ட் நீராவி எஞ்சின் பக்கத்திலேயே நின்றுவிட்டார், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

குடியாத்தம் தறி (குடியாத்தம்)

நான் வேறு மாதிரி நினைக்கிறேன் சகோதரி. நானும் இங்கிலாந்தில் ஒப்பந்தத்தில் இருந்துவிட்டு வந்தவன், ஐடி. நீட்டிப்பு வரவில்லை. குடும்பம் ஊரிலேயே இருந்ததால் இரண்டு பெட்டியோடு கிளம்பி வந்துவிட்டேன். கையில் பணம் இருந்தது, அதில் இரண்டு விசைத்தறி வாங்கிப் போட்டோம். கூட இருந்த ஒரு நண்பர் குடும்பத்தோடு இருந்தார், சேர்த்தது ஒன்றும் இல்லை என்றுதான் திரும்பினார். உங்கள் கணவர் வேலையை விடுவது பெரிய முடிவு. முதல் ஆறு மாதம் தனியாகப் போய், நிலவரம் தெரிந்த பிறகு முடிவு செய்யலாமே. பாட்டியிடம் வளரும் குழந்தைக்கு ஒரு குறையும் வராது.

மேல்விஷாரம் அக்கா (யார்க்)

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பணம் சேர்க்க வேண்டும் என்று வருபவர்களுக்கு அதுதான் வழி. ஆனால் தங்கச்சி பணத்துக்காக வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆராய்ச்சியில் முதல் ஆறு மாதத்தில் ஒரு நிலவரமும் தெரியாது, கருவியைப் பழகவே அது போய்விடும். அப்புறம் விசா போட்டு, வீடு மாற்றி, அவர்கள் வந்து சேரும்போது ஒரு வருடம் ஓடியிருக்கும். மிச்சம் ஒரு வருடத்துக்காகக் கணவர் வேலையை விடுவாரா? மாட்டார். ஆறு மாதம் என்று ஆரம்பித்தது இரண்டு வருடமாகவே முடியும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் விஷயத்தில் இதை அருகிலிருந்து பார்த்தேன். தினம் இரவு போனில் குழந்தையிடம் பேசுவார், குழந்தை ஓடிவிடும். பாட்டி நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அம்மாவால்தான் தாங்க முடியவில்லை. பாதியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தங்கச்சியின் வேலையையும் நினைத்துத்தான் சொல்கிறேன்.

ஆவாரம்பட்டை (ராணிப்பேட்டை)

எல்லாருக்கும் நன்றி. 14 நாள் விஷயத்தை யாருமே சொல்லவில்லை அக்கா, நாங்களும் அறுபது என்றுதான் நினைத்திருந்தோம். குடியாத்தம் அண்ணா சொன்னதையும் சேர்த்து வைத்து நேற்று இரவு கணவரும் நானும் கணக்குப் போட்டோம். நகை கொஞ்சம் அடகு வைக்க வேண்டி வரும். ஆனாலும் மூன்று பேரும் போவது என்று முடிவு, நான் ஜனவரியில், அவர்கள் வீடு அமைந்ததும். கணவரே மாமியாரிடம் பேசினார். அவருக்கு வருத்தம்தான். "அப்ப நான் வந்து பாக்கலாமா" என்று மட்டும் கேட்டார். அவரைக் கொஞ்ச நாள் அழைத்துக்கொள்ள முடியுமா? இன்னும் இரண்டு கேள்வி. எங்கள் ஆய்வுக்கு ஏட்டாஸ் வேண்டும் என்று துறையிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது, அது என்ன? பட்டை மாதிரியும் பதனிட்ட தோல் துண்டுகளும் பெட்டியில் எடுத்து வரலாமா?

மேல்விஷாரம் அக்கா (யார்க்)

நல்ல முடிவு. மாமியார் விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வரை வந்து இருக்கலாம். பேத்தியைப் பார்க்க வருகிறேன் என்று உள்ளபடியே எழுதட்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக வருவதுபோல் எழுதினால் மறுப்பார்கள். மே, ஜூனில் வரச் சொல்லுங்கள், இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும்.

ஏட்டாஸ்தான் இப்போது முதல் வேலை. வேதியியல் மாதிரியான துறைகளில் ஆராய்ச்சி செய்ய வரும் இந்தியர்களுக்கு இங்கிலாந்து வெளியுறவுத் துறை தரும் அனுமதி அது. கட்டணம் இல்லை, ஆனால் ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அது கையில் வராமல் விசாவுக்குப் போட முடியாது. உங்கள் ஆய்வு பற்றிய விளக்கத்தைத் துறையே எழுதித் தரும், அந்த வாசகத்தை அப்படியே போடுங்கள், நீங்களாக ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம். கணவருக்கும் பாப்பாவுக்கும் அது தேவையில்லை. அது வரும் வரை சும்மா இருக்காமல் சென்னையில் டிபி பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள், சான்று ஆறு மாதம் செல்லும். உங்கள் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடந்தது என்பதற்கு, வெளிநாட்டுப் பட்டங்களைச் சரிபார்க்கும் எக்டிஸ் அமைப்பின் சான்றுக்கும் போட்டுவிடுங்கள். பல்லில் பிரச்சினை இருந்தால் மூன்று பேரும் ஊரிலேயே பார்த்துவிட்டு வாருங்கள், இங்கே அரசு பல் மருத்துவரிடம் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பாப்பாவின் தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வையுங்கள்.

பட்டையும் தோலும் பெட்டியில் வேண்டாம். என்ன பொருள், எவ்வளவு என்று பேராசிரியருக்கு எழுதுங்கள், ஆய்வகத்தின் பேரில் முறையாகக் காகிதத்தோடு வரவழைப்பார்கள். இறைச்சி, பால் பொருள்களும் இந்தியாவிலிருந்து கொண்டுவரக் கூடாது, நெய் டப்பாவை எடுத்துவிடுவார்கள். ஆற்காடு மக்கன் பேடா கோவாவில் செய்தது, அதையும் வைக்காதீர்கள். மிளகாய்த்தூள், மசாலாப் பொடிக்குத் தொந்தரவு இல்லை. அரிசி, பருப்பு எல்லாம் லீட்ஸில் கிடைக்கும், ரயிலில் அரை மணி நேரம்தான்.

தங்கும் அறை மட்டும் இப்போதே தேட ஆரம்பியுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஜனவரிக்கு அறை காலியாகும் போல் தெரிகிறது, கேட்டுவிட்டுத் தனிச்செய்தியில் சொல்கிறேன்.